பட்டியலில் தவறு எத்தனை? புரத ஆய்வு கற்றுத்தரும் ஒரு கணக்கு

(அறிவியல், கணித ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடைத்தாள் திருத்தும் எல்லோருக்கும் பழக்கமான ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் 20 கொடுக்கிறோம். ஒரு மாணவர் 11 வினாக்களுக்குச் சரியாக விடையளித்திருக்கிறார். அந்தப் 11-இல் தெரிந்து எழுதியது எத்தனை? குருட்டாம்போக்கில் சரியாக அமைந்தது எத்தனை?

தாளைப் பார்த்து, "இந்த வினா தெரிந்து எழுதியது, அந்த வினா ஊகம்" என்று பிரிக்க முடியாது. ஆனால் எண்ணிக்கையைத் தோராயமாகச் சொல்லலாம். தவறாகப் போனவை 9. தெரியாத வினாக்களுக்கெல்லாம் அவர் ஊகித்தே எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். ஊகத்தில் நான்கில் மூன்று பங்கு தவறும். அப்படியானால் 9 தவற 12 வினாக்களை ஊகித்திருக்க வேண்டும். அந்த 12-இல் 3 தற்செயலாகச் சரியாகியிருக்கும். ஆக, உண்மையில் தெரிந்தவை 8.

எது தவறு என்று தெரியாது. எத்தனை தவறு என்று தெரியும். இந்த ஒரு கருத்தைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். இன்றைய உயிரியலின் ஒரு பெரும் துறையே இதன்மேல் நிற்கிறது. அத்துறையின் பெயர் புரதத்தொகுதியியல். உடலில் எந்தத் திசுவில் எந்தெந்தப் புரதங்கள் இருக்கின்றன என்று பட்டியல் எடுப்பது அதன் வேலை.

நிறையை வைத்துப் பெயர் கண்டுபிடித்தல்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி என்பதை ஒன்பது, பத்தாம் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறோம். முழுச் சங்கிலியை அப்படியே ஆராய்வது கடினம். ஆகவே டிரிப்சின் என்ற நொதியால் அதைத் துண்டாக்குகிறார்கள். நம் சிறுகுடலில் புரதத்தைச் செரிக்கும் அதே டிரிப்சின்தான். லைசின், ஆர்ஜினைன் என்ற இரண்டு அமினோ அமிலங்களை அடுத்து மட்டுமே அது வெட்டும். ஆகவே பெரும்பாலான துண்டுகள் இவ்விரண்டில் ஒன்றில்தான் முடியும். இந்தத் துண்டுகளுக்குப் பெப்டைடு என்று பெயர்.

பெப்டைடுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து நிறை நிறமாலைமானிக்குள் அனுப்புகிறார்கள். பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் மின்னூட்டம் பெற்ற ஆவியாக்கும் வழிகளைக் கண்டதற்காக அமெரிக்காவின் ஜான் ஃபென்னும் ஜப்பானின் கொய்ச்சி டனாகாவும் 2002-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். கருவி முதலில் முழுப் பெப்டைடின் நிறையை அளக்கும். பிறகு அதை வாயுவோடு மோதவிட்டு உடைத்து, உடைந்த துண்டுகளின் நிறைகளையும் அளக்கும். இந்த எண்களின் வரிசைதான் நிறமாலை.

கரும்பலகையில் செய்து பார்க்கக்கூடிய ஒரு சிறு கணக்கு சொல்கிறேன். கிளைசின் 57, அலனைன் 71, செரின் 87, லூசின் 113, லைசின் 128. சங்கிலியில் கோத்த நிலையில் இவற்றின் முழு எண் நிறைகள் இவை. கிளைசின்–அலனைன்–செரின்–லூசின்–லைசின் என்ற பெப்டைடின் நிறை, இவற்றின் கூட்டுத்தொகையோடு ஒரு நீர் மூலக்கூறின் 18 சேர்த்து 474. இடப்பக்கத்திலிருந்து உடையும் துண்டுகளின் நிறையைக் காண, ஒரு புரோட்டானுக்கு 1 கூட்டிக்கொண்டே போனால் 58, 129, 216, 329 என்று வரும். அடுத்தடுத்த எண்களைக் கழித்தால் 71, 87, 113. அலனைன், செரின், லூசின் என்று பெயர்கள் தாமே வந்து நிற்கும். எட்டாம் வகுப்பு மாணவர்களே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆனால் மெய்யான நிறமாலை இவ்வளவு ஒழுங்காக இருக்காது. சில எண்கள் வராமல் போகும். சம்பந்தமில்லாத எண்கள் நுழையும். லூசினுக்கும் ஐசோலூசினுக்கும் நிறை ஒன்றேதான். அதோடு இன்றைய கருவிகள் ஒரு மணி நேரத்தில் பல்லாயிரம் நிறமாலைகளைத் தந்துவிடும். கையால் படிக்க ஆயுள் போதாது.

ஆகவே கணினி வந்தது. 1994-இல் ஜிம்மி எங், ஆஷ்லி மெக்கார்மாக், ஜான் யேட்ஸ் ஆகியோர் சீக்வெஸ்ட் என்ற தேடல் முறையை வெளியிட்டார்கள். தெரிந்த புரதங்கள் எல்லாவற்றையும் கணினிக்குள்ளேயே டிரிப்சின் போல வெட்டி, ஒவ்வொரு பெப்டைடும் என்ன நிறமாலை தரும் என்று கணித்து, கருவி தந்த நிறமாலையோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது அதன் அடிப்படை. அதிக மதிப்பெண் பெற்ற பெப்டைடே விடை.

சிக்கல் இங்கேதான். தேடல் மென்பொருள் நம் 20 வினா மாணவரைப் போன்றது. தெரியாத வினாவுக்கும் ஏதாவது ஒரு விடையைக் குறித்துவிடும். சரியான பெப்டைடு பட்டியலிலேயே இல்லாவிட்டாலும், இருப்பதில் கொஞ்சம் ஒத்துப்போவதை எடுத்து முதல் இடத்தில் வைக்கும்.

பொறி வைத்துப் பிடித்தல்

"ஒவ்வொரு விடைக்கும் தற்செயலாக இந்த மதிப்பெண் வர 5 விழுக்காடுதான் வாய்ப்பு" என்று சோதித்தால் போதாதா என்று கணித ஆசிரியர்கள் கேட்கலாம். போதாது. 50,000 நிறமாலைகளைச் சோதித்தால், எல்லாமே தவறாக இருந்தாலும் 2,500 தேறிவிடும். தனி விடையின் வாய்ப்பைக் கேட்பதை விட, ஏற்றுக்கொண்ட பட்டியலில் எவ்வளவு பங்கு தவறு என்று கேட்பதே பயன் தரும். இதற்குத் தவறான கண்டுபிடிப்பு விகிதம் என்று பெயர். இஸ்ரேலின் புள்ளியியலாளர்கள் பெஞ்சமினி, ஹோக்பெர்க் இருவரும் 1995-இல் இதை முறையாக வகுத்தார்கள்.

அந்த விகிதத்தை எப்படி அளப்பது? சரியான விடைத்தாள் நம்மிடம் இல்லை. இருந்தால் ஆய்வே வேண்டாமே.

வழி எளிமையானது. உண்மையான பெப்டைடுகளின் பட்டியலோடு, இயற்கையில் இல்லாத போலிப் பெப்டைடுகளையும் அதே எண்ணிக்கையில் கலந்துவிட வேண்டும். இரண்டையும் சேர்த்தே கணினி தேடும். எது போலி என்று அதற்குத் தெரியாது. போலிக்குக் கிடைக்கும் ஒவ்வொரு விடையும் தவறு என்று நமக்கு உறுதியாகத் தெரியும். தவறான விடை உண்மைப் பட்டியலில் விழவும் போலிப் பட்டியலில் விழவும் சம வாய்ப்பு இருந்தால், போலியில் எத்தனை விழுந்ததோ, ஏறத்தாழ அத்தனை தவறுகள் உண்மைப் பட்டியலிலும் ஒளிந்திருக்கும்.

2000-களின் தொடக்கத்திலேயே சிலர் கையாண்ட இம்முறையை, ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஜோஷுவா எலியாஸ், ஸ்டீவன் கைகி இருவரும் 2007-இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். இன்று உலகெங்கும் புழங்குவது இதன் வெவ்வேறு வடிவங்களே.

எண்களில் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

மதிப்பெண் 20-க்கு மேல்: உண்மை 12,000, போலி 900. தவறு விகிதம் 7.5 விழுக்காடு.
மதிப்பெண் 30-க்கு மேல்: உண்மை 10,000, போலி 300. விகிதம் 3 விழுக்காடு.
மதிப்பெண் 40-க்கு மேல்: உண்மை 9,000, போலி 90. விகிதம் 1 விழுக்காடு.
மதிப்பெண் 50-க்கு மேல்: உண்மை 7,000, போலி 7. விகிதம் 0.1 விழுக்காடு.

வழக்கத்தில் 1 விழுக்காட்டில் கோடு போடுவார்கள். 50-இல் போட்டால் இன்னும் தூய்மையாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் 40-லிருந்து 50-க்கு ஏற்றினால் 2,000 விடைகள் போய்விடுகின்றன. அவற்றில் தவறு 83 மட்டுமே. மீதி 1,917 நல்ல விடைகள். 83 பேரைப் பிடிக்க 1,917 பேரைத் தண்டிப்பது போல. கோட்டை எங்கே போடுவது என்பது ஒரு தேர்வு. அதைத் தெரிந்து செய்ய இந்தக் கணக்கு உதவுகிறது.

ஓர் எச்சரிக்கை. பட்டியலில் 20 பெப்டைடுகள்தாம் இருக்கின்றன, போலி ஒன்றுகூட வரவில்லை என்றால் தவறே இல்லை என்று பொருளாகாது. ஒன்று வரவிருந்து தப்பியிருக்கலாம். அதனால் போலியின் எண்ணிக்கையோடு 1 கூட்டிக் கணக்கிடும் வழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் இங்கே விகிதம் 5 விழுக்காடு. சிறிய பட்டியலை வைத்துக்கொண்டு பெரிய உறுதி பேச முடியாது.

போலி எப்படி இருக்க வேண்டும்?

முறை முழுவதும் ஒரு நிபந்தனையில் தொங்குகிறது. போலி, உண்மையைப் போலவே ஏமாற்ற வேண்டும். இதைத் தமிழ்ச் சொற்களை வைத்தே விளக்கலாம்.

'மரம்' என்ற சொல்லைத் திருப்பிப் போட்டால் 'ம்ரம' என்று வரும். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்பதால், பார்த்தவுடனே போலி என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். அது பொறியாகப் பயன்படாது. 'விகடகவி'யைத் திருப்பினால் 'விகடகவி'யே வரும். அதுவும் பொறியாகாது. மொழிமுதல், மொழியிறுதி விதிகளுக்கு அடங்கி, பொருள் மட்டும் இல்லாத 'பெலுகை' போன்ற ஒன்றுதான் நல்ல போலி.

பெப்டைடிலும் இதே கதை. துண்டுகள் லைசினில் அல்லது ஆர்ஜினைனில் முடிய வேண்டும் என்பது அங்கே மொழியிறுதி விதி. ஆகவே கடைசி எழுத்தை அங்கேயே நிறுத்திவிட்டு மற்றவற்றை மட்டும் திருப்பும் வழக்கம் உண்டு. நம் எடுத்துக்காட்டு லூசின்–செரின்–அலனைன்–கிளைசின்–லைசின் என்று ஆகும். மொத்த நிறை அதே 474. ஆனால் துண்டுகள் 114, 201, 272, 329. முதல் மூன்று எண்களும் மாறிவிட்டன. வெளித்தோற்றம் ஒன்று, உள்ளே வேறு.

மற்றொரு நிபந்தனை, தேடும் கணினிக்குப் போலிகள் முன்கூட்டித் தெரியக்கூடாது. முதல் சுற்றில் நல்ல மதிப்பெண் பெற்ற புரதங்களை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் சுற்று தேடினால், போலிகள் பெரும்பாலும் முதல் சுற்றிலேயே வெளியேறியிருக்கும். பிறகு இரண்டாம் சுற்றில் போலியே வரவில்லை என்று மகிழ்வதில் பொருளில்லை. வினாத்தாள் முன்பே வெளியான தேர்வின் தேர்ச்சி விகிதம் போன்றது அது.

எந்தப் பட்டியலில் 1 விழுக்காடு?

இனி, இந்த உரையின் மையப் பகுதிக்கு வருகிறேன். 1 விழுக்காடு என்ற சொல் எந்தப் பட்டியலைப் பற்றியது என்று கேட்க மறந்தால் என்ன ஆகும்?

மறுபடியும் ஒரு மாதிரிக் கணக்கு. மனிதனில் புரதத்துக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. ஒரு மாதிரியில் உண்மையில் 8,000 புரதங்கள் இருக்கின்றன. நமக்கு 1,00,000 நிறமாலை விடைகள் 1 விழுக்காடு தவறோடு கிடைக்கின்றன. சரியான 99,000 விடைகளும் அந்த 8,000 புரதங்களின் மேலேயே திரும்பத் திரும்ப விழும். தவறான 1,000 விடைகளோ 20,000 புரதங்கள் மீதும் சிதறும். அவற்றில் ஏறத்தாழ 600, மாதிரியில் இல்லாத 12,000 புரதங்கள் மேல் விழும். பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்றாக, தனித்தனிப் புரதத்தின் மேல். விளைவு, நம் புரதப் பட்டியலில் ஏறத்தாழ 8,600 பெயர்கள். அதில் கிட்டத்தட்ட 600 இல்லாதவை. நிறமாலைப் பட்டியலில் 1 விழுக்காடாக இருந்த தவறு, புரதப் பட்டியலில் 7 விழுக்காடாகிவிட்டது.

இன்னும் 10 மடங்கு தரவு சேர்த்தால்? உண்மையான 8,000 புரதங்கள் ஏற்கெனவே பட்டியலில் வந்துவிட்டன. புதிதாக வர ஒன்றுமில்லை. தவறுகள் மட்டும் புதிய பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போகும். கணக்கிட்டால் இல்லாத புரதங்கள் 4,500-ஐயும் தாண்டும். தரவு பெருகப் பெருகப் பட்டியல் கெட்டுப்போகும் விந்தை இது.

இது வெறும் கற்பனை இல்லை. 2014 மே மாதம் நேச்சர் இதழில் மனிதப் புரதத்தொகுதியின் இரண்டு முதல் வரைவுகள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்று, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் பெங்களூரின் உயிரித்தகவலியல் நிறுவனமும் முன்னின்று செய்தது. 30 வகை மனிதத் திசுக்களையும் உயிரணுக்களையும் ஆராய்ந்து, 17,294 மரபணுக்களின் புரதங்களைக் கண்டதாக அறிவித்தது. மற்றொன்று ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழுவினுடையது. அது 18,097 என்றது. இந்திய ஆய்வாளர்கள் பலர் பங்கேற்ற பெரும் முயற்சி என்பதால் நம் நாட்டிலும் அது பேசப்பட்டது.

அதே ஆண்டில் ஸ்பெயினைச் சேர்ந்த எஸ்குர்தியா, வாஸ்கேஸ், வலென்சியா, டிரெஸ் ஆகிய நால்வர் ஓர் எளிய கேள்வி கேட்டார்கள். மணத்தை உணரும் ஏற்பிகள் மனிதனில் ஏறத்தாழ 400 வகை. அவை பெரும்பாலும் மூக்கின் உட்பகுதியில்தான் இருக்கும். இரண்டு ஆய்வுகளுமே மூக்குத் திசுவைச் சோதிக்கவில்லை. அப்படியிருந்தும் இரண்டிலுமாக 100-க்கும் மேற்பட்ட மண ஏற்பிகள் பட்டியலில் எப்படி வந்தன?

இவற்றில் ஒரு சில மற்றத் திசுக்களிலும் இருப்பது உண்டு. நூற்றுக்கு மேல் என்பது நம்பும்படி இல்லை. இரண்டு ஆய்வுகளும் புரத எண்ணிக்கையைக் கணிசமாக மிகைப்படுத்திவிட்டன, தரவுகளைக் கவனத்தோடு பயன்படுத்துங்கள் என்று அந்த நால்வரும் எழுதினார்கள். கவனியுங்கள். அவர்கள் புதிய கருவி எதுவும் வாங்கவில்லை. மண ஏற்பிகளையே இயற்கை வைத்த போலிகளாக எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பின் நடந்ததுதான் மாணவர்களிடம் சொல்ல வேண்டியது. 2015-இல் புரத அளவிலேயே தவறைக் கணிக்கும் ஒரு முறை வெளிவந்தது. ஒவ்வொரு புரதத்தையும் அதன் போலி இணையோடு போட்டியிட வைத்து, வென்றதை மட்டும் எடுத்துக்கொள்ளும் முறை. பெரிய தரவுகளிலும் தவறு வீங்காமல் அது பார்த்துக்கொள்கிறது. அதை எழுதியவர்களில் மியூனிக் குழுவினரும் இருந்தார்கள். பன்னாட்டு மனிதப் புரதத்தொகுதித் திட்டமும் விதிகளை இறுக்கியது. இதுவரை காணாத புரதத்தைக் கண்டதாகச் சொல்ல வேண்டுமானால், குறைந்தது 9 அமினோ அமில நீளமுள்ள, ஒன்றுக்குள் ஒன்று அடங்காத இரண்டு பெப்டைடுகள் வேண்டும் என்று கேட்டது.

ஏன் இவ்வளவு கறார்? ஒரு நோயாளியின் இரத்தத்தில் மட்டும் இருக்கும் புரதம் என்று இத்தகைய பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்துவிட்டு, வேறோர் ஆய்வகம் அதன்மேல் சில ஆண்டுகள் உழைக்கும். அந்தப் புரதம் மாதிரியில் இல்லவே இல்லை என்றால், வீணாவது பணம் மட்டுமல்ல. நோயைக் கண்டறியும் சோதனைக்காகக் காத்திருப்பவர்களின் காலமும்தான்.

வகுப்பறையில்

இதைப் பள்ளிக்கு எப்படிக் கொண்டுபோவது? தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் செய்யக்கூடிய ஒன்று சொல்கிறேன். 'எனக்குத் தெரிந்த சொற்கள்' என்று ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். 30 உண்மையான சொற்கள், நடுநடுவே பொருளில்லாத 10 சொற்கள். தெரிந்தவற்றுக்குக் குறியிடச் சொல்லுங்கள். ஒரு வகுப்பில் சராசரியாக உண்மைச் சொற்களில் 24-க்கும் போலிச் சொற்களில் 3-க்கும் குறி விழுகிறது என்று கொள்வோம். தெரியாத சொல்லுக்கும் பத்தில் மூன்று முறை குறியிடுகிறார்கள் என்று பொருள். உண்மையில் தெரிந்தவை 'அ' என்றால், அ + 0.3 (30 − அ) = 24. தீர்த்தால் அ ஏறத்தாழ 21. எட்டாம் வகுப்புச் சமன்பாடு இது.

இதில் இரண்டு செய்திகளை மாணவர்கள் தாமாகக் கண்டுகொள்ள விடுங்கள். அந்த 24-இல் எந்த மூன்று தவறு என்று சொல்ல முடியாது. இந்த எண் வகுப்புக்கு உரியது. "நீ தெரியாமல் குறியிட்டாய்" என்று ஒரு குழந்தையைச் சுட்ட இதைப் பயன்படுத்தக்கூடாது. பட்டியலைப் பற்றிய உண்மையைத் தனி ஒருவர் மேல் ஏற்றுவது புள்ளியியலில் பிழை, வகுப்பறையில் அநீதி. போலிச் சொற்கள் கலந்திருக்கின்றன என்பதைப் பயிற்சி முடிந்ததும் சொல்லி, ஏன் கலந்தோம் என்றும் விளக்கிவிடுங்கள்.

மேல்நிலை வகுப்பில் நான் சொன்ன அமினோ அமில நிறைகளை அட்டைகளில் எழுதிக் கொடுத்து, ஒரு குழு பெப்டைடு அமைக்க, மற்றொரு குழு எண்களை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்கலாம். பிறகு போலி அட்டைகளைக் கலந்துவிட்டு, எத்தனை முறை ஏமாந்தார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள்.

அறிவியல் தவறே செய்யாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால், முதல் தவறைக் கண்டதும் அறிவியலையே நம்பாமல் போவார்கள். தவறு இருக்கும், அதை எண்ண வழி உண்டு, அந்த எண்ணை மறைக்காமல் முடிவோடு சேர்த்தே எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால், நாளை எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் "இதில் எத்தனை தவறு இருக்கும்? எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒரு மாணவர் வகுப்புக்கு ஒருவர் உருவானாலும் நம் உழைப்பு வீண்போகவில்லை.